தபசுக்காலத்தில் கோபத்தை விட்டவர்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசுக்காலம் பிறந்ததும் சில பேர் எதையாவது விட்டுவிடுவார்கள். விட்டதை ஊருக்குச் சொல்லாமல் மட்டும் விடமாட்டார்கள். இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு இறங்கும்போதே முகத்தை ஒரு முழம் நீட்டிக்கொள்வார். நேரே நம் வீட்டுக்கு வந்து, காப்பி சாப்பிடுகிறீர்களா என்று நாம் கேட்கும்வரை நகராமல் உட்கார்ந்திருப்பார். கேட்டதும், தமக்கு அது ஈஸ்டர் வரைக்கும் கிடையாது என்று கண்ணை மூடிப் பெருமூச்சு விடுவார். காப்பியா பெரிது? அந்தப் பெருமூச்சுக்காகத்தான் அத்தனையும்.

பூதலூர்ப் பக்கத்து மிராசுதார் தைரியநாதர் இந்த இனத்தின் தலைமகன். ஒரு வருடம் கறியை விட்டார். வீட்டில் யாருக்கும் கறி கிடையாது. மறு வருடம் காப்பியை விட்டார். அவர் மனைவி அமலோற்பவம் தன் காப்பியைக் கோயில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை வீட்டு அடுப்படியில் நின்று குடித்தார். அவர் விடுவார். மற்றவர்கள் தவிப்பார்கள்.

கழகம் ஆட்சிக்கு வந்த இரண்டாம் வருடம் அது. ஊரின் ஒரு முனையில் கறுப்புச் சிவப்புக் கொடி, மறு முனையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செங்கொடி. இரண்டாம் போகத் தாளடிக் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்க, கூலி நெல்லில் ஒரு படி கூட்டினால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த நேரம் பார்த்துச் சாம்பல் புதன் வந்தது. புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார், ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தியும் கறி தொடாத சுத்தபோசனமும் வயிற்றோடு நின்றுவிடும், மனசுக்குள் அடைத்து வைத்திருப்பதை வெளியே தள்ளி, உயிர்த்து வருகிறவருக்கு இடம் பண்ணுவதுதான் தபசு என்று பிரசங்கம் வைத்தார். பூசை முடிந்து ஜனம் கலைவதற்குள் தைரியநாதர் கோயில் படியில் நின்று, இந்த வருடம் தாம் கோபத்தை விடுவதாக அறிவித்தார்.

ஜனம் திகைத்து நின்றது. அவரிடமிருந்து கோபத்தைக் கழித்தால் மீசை மட்டும்தானே மிஞ்சும்?

மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் கூட்டம். முன்னால் காளியம்மாள். நடவுக்கும் அறுப்புக்கும் முதல் ஆள், சங்கத்துக்கும் முதல் ஆள்.

"ஐயா ஈஸ்டர் வரைக்கும் கோவப்பட மாட்டீங்கன்னு சொன்னாங்க. அதான் பேசிட்டுப் போலாம்னு வந்தோம்."

தைரியநாதர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு, கட்டியிருந்த மாடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டு, காரியஸ்தர் நாகநாதனைக் கூப்பிட்டார். நாகநாதன் சிவன் கோயிலுக்குப் போகிறவர். அவருக்கு ஏது தபசுக்காலம்? ஆகவே, தாம் இருமினால் தமக்குப் பதில் நாகநாதன் கோபப்பட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

நாகநாதன் காக்கையைக்கூட மரியாதையாக விரட்டுகிற மனிதர். பதில் கேட்டுக் கூட்டம் திரும்பி வந்த முதல் நாள், இருமல் கேட்டதும் எழுந்து, "நீங்க செய்யறது கொஞ்சமும் நல்லா இல்லீங்க" என்று காளியம்மாளைப் பார்த்து நடுங்கினார். கோபத்தில் 'ங்க' வரக்கூடாது என்று தைரியநாதர் சாந்தமாகப் பாடம் நடத்தினார். போகப் போக நாகநாதனுக்குக் கை வந்துவிட்டது. கை வந்தது பிடித்தும்விட்டது. யாரும் இருமாமலே கத்தினார். டீக்கடையில் கத்தினார். வீட்டுக்குப் போய்க் கத்தி, அன்று ராத்திரி பட்டினி கிடந்தார். ஒருசந்தியின் பலன் அவருக்குத்தான் போயிருக்கும். தைரியநாதரோ, மனம் பஞ்சுபோல் ஆகிவிட்டதாகச் சாமியாரிடம் சொல்லிக்கொண்டார்.

கதிர் உதிரத் தொடங்கியது. காளியம்மாள் மறுபடி வந்தாள். இந்த முறை கூட்டம் இல்லை.

"நெல்லு கொட்டுதுங்கய்யா. நாங்க நட்டது. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல. ஒரு படி ஏன் தர முடியாதுன்னு மட்டும் சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

தைரியநாதர் இருமினார். நாகநாதன் எழுந்து வாயைத் திறந்தார். பஞ்சரான சைக்கிள் டயரைப்போலக் காற்றுதான் வந்தது. தொண்டை போய்விட்டது. மறுபடி இருமினார். மறுபடி காற்று.

வேறு வழியில்லாமல் தைரியநாதரே பதிலைத் தேடினார். அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் ஓர் உறுமல்தான் பதில். உறுமலை எடுத்துவிட்டுப் பார்த்தால் அதன் அடியில் காரணம் என்று ஒன்றுமே இல்லை. இவ்வளவு நாளும் ஏதோ இருக்கிறதென்று நம்பியிருந்தவருக்கு முகம் வேர்த்துவிட்டது.

"தெரியலையேம்மா" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குடுத்துடறேன்" என்றார்.

அன்று மத்தியானமே வயலில் அரிவாள் இறங்கியது. முக்கால் பங்கு நெல் களத்துக்கு வந்து சேர்ந்தது. தம் தபசை ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்று தைரியநாதர் வீடுவீடாகச் சொன்னார். அமலோற்பவம் மட்டும், ஆண்டவர் நாகநாதனின் தொண்டையை ஏற்றுக்கொண்டார் என்று திருத்தினார்.

ஈஸ்டர் அன்று காலையில் வாழ்த்துச் சொல்லக் காளியம்மாள் வந்தாள். சொல்லிவிட்டும் போகாமல் நின்றாள்.

"அடுத்த வருஷம் எதை விடப் போறீங்கன்னு முன்னாடியே சொன்னீங்கன்னா, நாங்களும் அதுக்குத் தக்கபடி தயாராவோங்கய்யா."

இதைப் படித்துவிட்டு, அச்சு அசலாக நம் மைத்துனர்தான் என்று சொல்லப் போகிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அந்த மைத்துனர் இதைத் தம் வீட்டில் உரக்கப் படித்தாராம். பாதியிலேயே எல்லாரும் உங்கள் பெயரைச் சொல்லிச் சிரித்தார்களாம்.