மலை உச்சியில் குருவிக்கூடு

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு கவரைத் தபாலில் சேர்க்க வேண்டும்.

கவருக்குள் இருந்தது, பறவைகள் பற்றிய ஓர் ஆங்கில இதழுக்கு அனுப்பும் ஆராய்ச்சிக் கட்டுரை. எழுதியது நான்.

பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தேன். கல்யாணமாகி எட்டு மாதம். விலங்கியலில் பட்டம் வாங்கியிருந்தேன். அந்தப் பட்டத்தை இதுவரை கேட்டுப் பார்த்தவர் மாமனார் ஒருவர்தான்.

ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போவேன். கிணற்றோரப் பனைகளில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளை எண்ணுவேன். மூன்று வருடம் எண்ணினேன். கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. மேற்கே மலையடிவாரத்தை ஒட்டிக் கூடே கிடையாது. மலைக்காற்று பேயாக அடிக்கிற இடத்தில் குருவி கட்டுவதில்லை.

மில்லில் என்னோடு வேலை பார்த்த சேவியரிடம் இதைச் சொன்னேன்.

"ஏலே, இதுக்கா மூணு வருசம்? என்கிட்ட கேட்டிருந்தா மூணு நிமிசத்துல சொல்லியிருப்பேனே!"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் என் பெயர் ஒரே ஒரு தடவை அச்சில் வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் வெறுமனே பனைமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்த ஆள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கவர்தான்.

கட்டுரையை டைப் அடிக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அண்ணாச்சியிடம் போனேன். முப்பது வருடமாக மனு அடிக்கிறவர். கையெழுத்துப் பிரதியைப் பார்த்தார். விரல்கள் பறந்தன. வாங்கிப் படித்தேன். முதல் வரியே, 'மிகவும் பணிவுடன் சமர்ப்பிப்பது என்னவென்றால்' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தது. கட்டுரை முழுவதும் என்னை 'மனுதாரர்' ஆக்கியிருந்தார்.

"அண்ணாச்சி, இது மனு இல்ல. ஆராய்ச்சி."

"தம்பி, நீங்க ஒண்ணு கேக்கீக. அவிய குடுத்தாலும் குடுப்பாவ, குடுக்காட்டியும் போவாவ. அதுக்குப் பேரு என்ன? மனுதான்."

கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப அடிக்க வைத்தேன்.

அடுத்தது 'நிறுவனம்' என்ற இடம். எல்லோரும் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடுவார்கள். நான் எதைப் போட? மில் பெயரைப் போட்டால் மேனேஜர் குருவியைப் பிடிக்க மாட்டார், என்னைப் பிடிப்பார். அரைநாள் யோசித்துவிட்டு வீட்டு விலாசத்தை எழுதினேன். எழுதியதும் அது எனக்கே பொய் மாதிரி தெரிந்தது.

படம்தான் பெரிய வேலை, மேற்கே மலை உச்சி வரை காட்டும் வட்டார வரைபடம். ஆண் குருவிக்குத் தலை மஞ்சள். அதனால் கூடு இருக்கிற இடங்களை மஞ்சள் பென்சிலால் புள்ளி வைத்தேன். கூடு அதிகமென்றால் புள்ளி பெரிது. ஜெராக்ஸில் மஞ்சள் சரியாக விழவில்லை. இதழ்க்காரர்கள் மூன்று பிரதி கேட்டிருந்தார்கள். மூன்றையும் கையால் வரைந்தேன். எனக்கென்று நான்காவது ஒன்றை வரைய வேண்டும் என்ற புத்தி மட்டும் வரவில்லை.

எல்லாவற்றையும் கவருக்குள் போட்டு, மனைவி ராஜத்திடம் கொடுத்தேன்.

"சாமிகிட்ட வச்சு ஒட்டி வையி. குளிச்சிட்டு வாரேன்."

குளித்துவிட்டு வந்தால் கவர் ஒட்டி இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தாள். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்போமே, அதே மாதிரி. நல்ல காரியம்தானே என்று நானும் சந்தோஷமாகப் போய்ப் பதிவுத்தபாலில் சேர்த்தேன்.

ஐந்து மாதம் சத்தமே இல்லை. ஆறாவது மாதம் பதில் வந்தது. இதழுக்காகக் கட்டுரையைப் பரிசோதித்த பேராசிரியர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். விஷயம் இதுதான்:

'மேற்கே கூடுகளே இல்லை என்கிறார் ஆசிரியர். ஆனால் அவருடைய படத்திலேயே வடமேற்கில் ஒன்றும் தென்மேற்கில் ஒன்றுமாக இரண்டு பெருங்கூட்டங்கள் இருக்கின்றன. புள்ளியின் அளவை வைத்துக் கணக்கிட்டால் இவ்வளவு பெரிய கூட்டம் மலை உச்சியில் இருக்க வாய்ப்பில்லை. மூன்று பிரதிகளிலும் அதே இடத்தில் இருப்பதால் கைத்தவறு என்றும் சொல்ல முடியாது. விளக்கவும். இல்லையெனில் முடிவைத் திரும்பப் பெறவும்.'

அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன்.

வேறு ஒருவனாக இருந்தால், "நான் அப்படிப் புள்ளியே வைக்கலையே" என்று கோபப்பட்டிருப்பான். நான் அந்த ஜாதி இல்லை. அவர் பேராசிரியர், நான் ஃபிட்டர். நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வரைந்தவன். வைத்திருப்பேனோ? ஒருவேளை மேலே நிஜமாகவே கூடு இருந்து, என் கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டதோ? யோசிக்க யோசிக்க மலை உச்சியில் கூடுகள் காற்றில் ஆடுவதே என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது!

ஞாயிற்றுக்கிழமை சேவியர் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் அவனை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். சைக்கிளில் மலையடிவாரம். எதிர்காற்று. ஓர் இடத்தில் இறங்கித் தள்ளினோம். இன்னோர் இடத்தில் சைக்கிள் எங்களைத் தள்ளியது. ஓடையில் வழுக்கி என் வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

காட்டிலாகா காவலர் ஒருவர் மறித்தார்.

"எங்கய்யா போறீக?"

"மலை உச்சிக்கு. தூக்கணாங்குருவிக் கூடு பாக்க."

அவர் சேவியரைப் பார்த்தார். சேவியர் வானத்தைப் பார்த்தான்.

"மேல பனையும் கிடையாது, கிணறும் கிடையாது. அது எப்படிய்யா அங்க கூடு கட்டும்?"

"ஒரு பேராசிரியர் சொல்றாருங்க."

"அவரு பாத்தாராக்கும்?"

"இல்ல. படத்துல இருக்குன்னாரு."

"படம் யாரு வரைஞ்சது?"

"நான்தான்."

காவலர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சேவியரிடம் தணிந்த குரலில், "வெயிலா இருக்கு, இவரப் பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் சேவியர் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தான்.

"ஏலே, வரைஞ்சவனும் நீயி, நம்பாதவனும் நீயி. உனக்குப் பக்கத்துல நிக்கதுக்கே எனக்குப் பயமா இருக்கு."

கிழிந்த வேட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தேன். ராஜம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மகாராஜபுரத்தில் அவள் தம்பிக்குக் கல்யாணம். முன்னால் பத்திரிகைக் கட்டு. பக்கத்தில் கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். பத்திரிகையைப் பிரித்து, உள்ளே ஒவ்வொரு தாளிலும் நான்கு மூலை. கட்டைவிரலை முக்கி, ஒரு நூல் பிசகாமல், ஒரே அளவில் அழுத்தினாள்.

நான் அந்தக் கட்டைவிரலையே பார்த்தேன்.

"ராஜம்... அன்னைக்கு என் கவருல, வெளியே மட்டுந்தான வச்சே?"

"வெளியே மட்டும் வச்சா என்ன பலன்? உள்ளயும் வச்சேன். டைப் அடிச்ச தாளு கறையாகுமேன்னு அத மட்டும் விட்டுட்டேன்."

"படத்துக்குமா?"

"படத்துக்குத்தான் நல்லா அழுத்தி வச்சேன். அதுக்குத்தான நீங்க அம்புட்டுக் கஷ்டப்பட்டீக!"

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கிழக்கு மூலைகள் இரண்டும் சமவெளி. அங்கே பனை உண்டு. பேராசிரியர் அவற்றை ஒத்துக்கொண்டுவிட்டார். மேற்கு மூலைகள் இரண்டும் நேரே மலை உச்சி. உலகத்திலேயே பெரிய குருவிக்கூட்டத்தை என் மனைவி ஒரே அழுத்தில் உண்டாக்கியிருக்கிறாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்ல காரியத்துக்கு மஞ்ச வைக்காம அனுப்புவாகளா? அவியளுக்கு அது தெரியாதா?"

தெரிய வேண்டும்தான். எனக்கே தெரியவில்லையே!

இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? மறுபடியும் அண்ணாச்சி. கதையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு ஏற்ற கேஸ் இப்போதுதான் வந்திருக்கிறது.

"இது ஆராய்ச்சி இல்ல தம்பி. இதுக்கு அபிடவிட்டுதான் போடணும்."

போட்டார். 'மேற்படி மஞ்சள் புள்ளிகள் மனுதாரரின் மனைவியால், எவ்விதத் தீய நோக்கமுமின்றி, மரபின்படி வைக்கப்பட்டவை' என்று அடித்தார். இந்தத் தடவை நான் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. புதுப்படமும் வரைந்து வைத்தேன். கவரை நானே ஒட்டினேன். ராஜம் தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை நானே எடுத்து நீட்டினேன்.

"வெளியே மட்டும்" என்றேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள், அரைப் பக்கக் குறிப்பாக. கூடவே பேராசிரியர் தன் கையாலேயே இரண்டு வரி எழுதியிருந்தார். நிறுவனம் இல்லாத ஆள் என்பதால் முதலில் ஓரமாக வைத்துவிட்டாராம். மலை உச்சியில் இருந்த அந்த இரண்டு புள்ளிகள்தான் அவரை எடுத்துப் படிக்க வைத்தனவாம்.

ராஜத்துக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"பாத்தீகளா! வேல செஞ்சது மூணு வருசமா? மஞ்சளா?"

அந்தக் கேள்வியை நானும் என்னிடம் பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். நேர்மையாகச் சொன்னால், மஞ்சள் பக்கம்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது.

இப்போது எல்லாம் இ-மெயில். நானும் ஐம்பதைத் தாண்டிவிட்டேன். இன்னமும் குருவி எண்ணுகிறேன். நான் கட்டுரை அனுப்பும் நாளில் ராஜம் வந்து மானிட்டரின் நான்கு மூலையிலும் மஞ்சள் வைப்பாள். நான் தடுப்பதில்லை. அனுப்புவதற்கு முன் படத்தை மட்டும் திரையில் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துக்கொள்கிறேன்.

படத்தோடு சேர்ந்து நகராத புள்ளி அவளுடையது.