டிக் வெல்டிங்கும் என் மூன்றாவது கையும்

நான் செய்து பார்க்காத வேலைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் எனக்கு ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எதையும் கிழமை, மணி, நிமிடத்தோடு நோட்டில் குறித்துவைப்பேன். (தாலி கட்டிய நிமிடம்கூட இருக்கிறது. ஐயர் சொன்னதைவிட மூன்று நிமிடம் தாமதம். அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்ததை மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.) இந்தச் சீரை நம்பி, தமிழ்நாட்டிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து பட்டறையில் வேலைசெய்யும் வெல்டர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதச் சொன்னார்கள். நூலகத்திலிருந்து தடித்தடியாகப் புத்தகங்களைச் சுமந்துவந்து எட்டு மாதம் எழுதினேன். இந்த எட்டு மாதத்தில் ஒருமுறைகூட வெல்டிங் டார்ச்சைத் தொடவில்லை. தொடவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை மாலை சேகரிடம் காட்டினேன். சேகர் அறந்தாங்கிக்காரர், எங்கள் பட்டறையின் மூத்த வெல்டர். பொறுமையாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். வலக்கையைக் காற்றில் தூக்கினார். இடக்கையைத் தூக்கினார். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“சார், இதுல போட்டிருக்க மாதிரி செய்யணும்னா இன்னொரு கை வேணுமே சார்.”

நான் எழுதியிருந்தது இதுதான்: ‘வலக்கையில் டார்ச்சையும் இடக்கையில் நிரப்புக் கம்பியையும் பிடித்து உலோகத்தின் அருகே கொண்டுவந்த பின், முகக்கவசத்தைக் கையால் இறக்கிக்கொள்ளவும்.’

அப்படியானால் எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். எட்டு மாத உழைப்பு கேட்கவிடவில்லை.

“நாளைக்கு நானே இத மாதிரி செஞ்சு, திங்கட்கிழமை வெல்டு பண்ண பிளேட்டோட வரேன். வரலைன்னா இந்த அத்தியாயத்த நீங்களே எழுதுங்க சேகர்” என்று சொல்லிவிட்டேன்.

ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் கம்பியுமாகச் செய்யும் இந்த டிக் வெல்டிங்குக்கு, ஜாலான் புசார் பக்கம் சனிக்கிழமைதோறும் அறிமுக வகுப்பு நடப்பது எனக்குத் தெரியும். (விளம்பரத்தை வெட்டி நோட்டில் ஒட்டியிருந்தேன். ஒட்டத்தான், போக அல்ல.) நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ ஓர் இடம் மீதமிருந்தது.

வகுப்பில் ஆறு பேர். சொல்லிக்கொடுத்தவர் ஷாமினி, இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், முப்பது வயதிருக்கும். அறிமுகம் செய்துகொள்ளும்போதே நான் வெல்டிங் கையேடு எழுதியவன் என்று சொல்லித் தொலைத்தேன். அந்த வினாடியிலிருந்து எதையும் கேட்கும் உரிமையை இழந்தேன்.

ஷாமினி செய்துகாட்ட நின்றார். நான் குனிந்து, ‘10.12: செய்முறை விளக்கம் தொடங்கியது’ என்று எழுதினேன். நிமிர்ந்தபோது அவருடைய இரண்டு கைகளும் வேலையில் இருந்தன. கவசம் முகத்தை மூடியிருந்தது. அது எப்படி இறங்கியது என்பதைப் பார்க்கத்தான் போயிருந்தேன். அதைத் தவிர மற்றதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது.

என் முறை வந்தது. கவசத்தைத் தலையில் மாட்டி, நெற்றிக்கு மேலே தூக்கி நிறுத்தினார்கள். பழைய வகை. இறக்கிவிட்டால், பொறி எரியும்வரை கண்ணாடி வழியே உலகமே இருட்டு. ஷாமினி கால்மிதியைக் காட்டி, மெல்ல அழுத்தினால் கொஞ்சம் சூடு, முழுக்க அழுத்தினால் முழுச் சூடு என்று விளக்கி, “புரியுதா அங்கிள்?” என்றார்.

தலையாட்டினேன். டபக். இருட்டு.

கவசத்தைத் தூக்கிவிட்டேன். டார்ச்சின் டங்ஸ்டன் முனை உலோகத்தில் படக்கூடாது, சரியா என்றார். டபக். (நான் தலையாட்டுவதில் கஞ்சத்தனம் பார்ப்பவன் அல்ல. யாராவது பேசினால் கழுத்து தானாக வேலையை ஆரம்பித்துவிடும்.) ஐந்தாவது தடவை பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்க வெளியே போனார்.

“அங்கிள், தலைய ஆட்டாதீங்க லா. வாயால சொல்லுங்க.”

கழுத்தை விறைத்துக்கொண்டு, என் கையேட்டின்படி ஆரம்பித்தேன். டார்ச் வலக்கையில், கம்பி இடக்கையில். கவசத்தை இறக்கவேண்டும். கம்பியைக் கீழே வைத்தேன், இறக்கினேன், இருட்டில் கம்பியைத் தேடினேன், கிடைக்கவில்லை. தூக்கினேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். நான்காம் முறை கம்பியைப் பிடித்தபடியே கையை உயர்த்தினேன். கம்பி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஷாமினி குனிந்து தப்பித்தார்.

எனக்கு உண்மையில் அழுகை வந்தது. சேகர் சொன்னது சரி. மூன்றாவது கை இல்லாமல் எட்டு மாதம் எழுதியிருக்கிறேன்.

ஷாமினி பெருமூச்சு விட்டுவிட்டு மென்மையாகக் கேட்டார். “பரவால்ல அங்கிள். டார்ச் ஓகே, கம்பி ஓகே. ரெடியா?”

பழக்கதோஷம். தலையாட்டினேன். டபக்.

இரண்டு கைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. கவசம் இறங்கியிருந்தது.

“அதான் அங்கிள்” என்று வெளிச்சமான உலகத்திலிருந்து ஷாமினியின் குரல் வந்தது. “எல்லா வெல்டரும் அப்படித்தான் எறக்குவாங்க.”

காலையிலிருந்து நான் சரியாகச் செய்துகொண்டிருந்த ஒரே காரியம் அதுதான். அதையும் நிறுத்தப் பாடுபட்டிருக்கிறேன். அந்தப் பூரிப்பில் கால்மிதியை அடிவரை அழுத்தினேன். பொறி வந்தது, தகடு உருகியது, ஓட்டை விழுந்தது. ஓட்டையின் விளிம்பில் கம்பி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

திங்கட்கிழமை பிளேட்டோடு போனேன். சேகர் அதைத் தூக்கி ஓட்டை வழியே என்னைப் பார்த்தார்.

“மூணாவது கை கெடைச்சிச்சா சார்?”

“தலைதான் சேகர்.”

அச்சகத்தில் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த அத்தியாயத்தைச் சேகர் சொல்லச்சொல்ல நான் எழுதினேன். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் வாயால் ‘ஆமா’ போட்டேன்.

ஒட்டிக்கொண்ட கம்பியைக் கொக்கிபோல வெட்டி வளைத்து, கிளமெண்டியில் எங்கள் வீட்டு வாசலருகே அந்தத் தகட்டைச் சாவி மாட்ட வைத்திருக்கிறோம். வருகிறவர்களிடம் கதையை மனைவிதான் சொல்வாள், என்னைவிட நன்றாக. முதன்முதலில் கேட்ட அன்று மட்டும் அவள் சிரிக்கவில்லை. ஏதோ விளங்கியதுபோல என்னையே பார்த்தாள்.

“ஏங்க, நான் பேசறப்ப நீங்க தலையாட்டினாலும் இதேதான நடக்குது? இத்தன வருஷமா நீங்க எறக்குற முகமூடி கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தலையாட்டல் பதிலாக ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. மனைவி ஏதாவது சொல்லி நான் தலையாட்டினால், உள்ளறையிலிருந்து மகள் குரல் கொடுப்பாள்: “அம்மா, அப்பா எறக்கிட்டாரு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”