உணவுக்குழுவின் ஒப்புதல்

அரிய பறவைகளைக் கண்ணை இமை காப்பதுபோல் காப்பதில் அந்த நிலையத்துக்கு ஈடு இணை கிடையாது. தேநீர் இடைவேளை போக மற்ற நேரமெல்லாம் அங்கே ஏதாவது ஒரு குழு பறவைகளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கும். முறைப்படி கவலைப்படத் தெரியாத ஒரே ஊழியர், கூண்டுகளைக் கழுவும் பெண்மணி. எல்லோருக்கும் அவர் 'கூண்டம்மா'. அவருக்கு மீன் நறுக்கத்தான் தெரியும்.

ஒரு காலை, புயலில் கூட்டோடு விழுந்த நாரைக்குஞ்சு ஒன்றை ஒரு மீனவர் செருப்புப் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய இனம். உடம்பில் பஞ்சுபோல் நாலு முடி, மிச்சமெல்லாம் வாய்.

"பாவம், பசியில கத்துதுங்கய்யா" என்றார் கூண்டம்மா இயக்குநரிடம்.

"அவசரப்படாதீங்கம்மா. உணவுக்குழு கூடி முடிவெடுக்கட்டும்."

குஞ்சின் உணவுக்குழலில் எது இறங்கவும் உணவுக்குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது நிலையத்தின் 'பாதுகாப்பு நெறி'.

"எப்பங்கய்யா கூடுவாங்க?"

"வர்ற வியாழக்கிழமை."

"இன்னிக்குத் திங்கள்தானே? அதுக்குள்ள செத்துப்போச்சுன்னா?"

"தப்பான தீனி குடுத்துச் செத்தா அது நம்ம குத்தம். பசியில செத்தா இயற்கை மரணம்" என்று கனிவோடு விளக்கினார் இயக்குநர்.

கூண்டம்மாவின் மண்டையில் இந்த அறிவியல் ஏறவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கக் கூண்டுக்கு ஓடினார். பொடிமீனை நறுக்கி ஊட்டினார். மனித முகத்துக்குப் பழகிவிட்டால் வெளியே பிழைக்காதே என்று தன் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, நாரைத் தலைபோல் தைத்த காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை கொஞ்சத்தான் ஆசை. வாயைத் திறக்கவே இல்லை.

உணவுக்குழு ஏழு வாரம் கூடியது. மீனா, புழுவா என்பதில் இரண்டு உறுப்பினர்களுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோனது. 'மீன் என்றால் என்ன' என்று வரையறுக்க ஒரு துணைக்குழு பிறந்தது. குஞ்சு எப்படி இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் வேலையில் கவனம் சிதறுமே!

எட்டாம் வாரம் கூண்டம்மா கதவைத் திறந்துவிட்டார். நாரை நாலடி நடந்தது, இறக்கையை உதறியது, ஏரிப் பக்கமாகப் பறந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூண்டம்மா கையிலிருந்த காலுறையைக் கழற்றினார். இதற்குத்தானே முகத்தை மூடினோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுத்தரிடம் போய்ச் சொன்னார்.

எழுத்தர் பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "'இறந்த தேதி', 'இறப்புக்குக் காரணம்'னு ரெண்டு கட்டம்தாம்மா இருக்கு. பறந்துபோச்சுன்னு எழுத எடமே இல்லையே!"

விஷயம் மேலே போனது. மறுநாளே கூண்டம்மா கையில் 'விளக்கம் கோரும் கடிதம்':

"நிலையம் தொடங்கிய நாள்முதல் நமது பாதுகாப்பில் இருந்த எந்தக் குஞ்சுக்கும் நேராதது இக்குஞ்சுக்கு நேர்ந்துள்ளது. அது உயிரோடு இருப்பதற்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்."