தோ, வந்துகினே கீறேன்

ஒரே நேரத்தில் மூன்று ஊருக்கு வந்துகொண்டிருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் வந்துகினே அண்ணன். புத்தூரில் ஒருவர், நகரியில் ஒருவர், சித்தூரில் ஒருவர் என்று அவருடைய வேனுக்காக மூன்று பேர் வாசலில் நிற்பார்கள். போன் செய்தால் மூவருக்கும் ஒரே பதில்தான்: "தோ, வந்துகினே கீறேன்." அதைச் சொல்லும்போது அவர் திருப்பதியில் லுங்கியும் வாயில் பிரஷ்ஷுமாக நின்றிருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் லைசென்சில் இருந்தது. அதைப் படித்தவர்கள் போலீஸ்காரர்கள் மட்டும்தான். கட்டின பெண்டாட்டியே "வந்துகினே எங்க போச்சு?" என்றுதான் தேடும். எங்கே இருக்கிறாய் என்பதைப் போலீஸ்காரர்கள் போனில் தெலுங்கில் "எக்கட உன்னாவு?" என்று கேட்டால், "வச்சேஸ்துன்னா சார்" என்று அதே பொய்யை மொழிபெயர்த்துக் கொடுப்பார்.

நான் அவரிடம் கிளீனராகச் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பள்ளிக்கூடம் ஏழாவதோடு முடிந்தது. அப்புறம் ஓட்டல், செங்கல் சூளை, லாட்ஜ் என்று எதிலும் நிலையாக இருந்ததில்லை. லாட்ஜில் வேலை போன அன்றைக்குப் படுக்க இடமில்லை. அவர் வேனின் கடைசி சீட்டைக் காட்டினார். நீட்டிப் படுக்க முடியாது, மடங்கிப் படுக்கலாம். படுத்தேன்.

கிளீனர் என்றால் கண்ணாடி துடைக்கிற வேலை என்று நினைத்திருந்தேன். உண்மையான வேலை டீக்கடையில்தான் தெரிந்தது. பஜ்ஜியைக் கடித்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு போன் வரும். எடுப்பதற்கு முன் என் தொடையில் ஒரு தட்டு தட்டுவார். நான் உடனே "பாம், பாம்... யோவ், சைடு உடுய்யா" என்று கத்த வேண்டும். அவர் போனில், "பாரு மாமா, இன்னா டிராபிக்கு, தோ வந்துகினே கீறேன்" என்பார். சில நாள் ரயில்வே கேட்டும் தேவைப்படும். நான் ரயில் மாதிரி கூவினால் அண்ணன் பெருமையோடு பார்ப்பார். "கூட்ஸு வண்டி மாதிரி கீதுடா. ஜனங்க போற வண்டியா கொஞ்சம் லேசா வுடு" என்று திருத்தமும் சொல்வார்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே ரத்தம் கொதிக்கும். உள்ளூரில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவர்களிடம் கணக்கு இருந்தது. 'தோ, வந்துகினே கீறேன்' என்றால் ஒரு மணி நேரம் இருக்கிறது, உலை வைக்கலாம். 'முக்கு திரும்பிட்டேன்' என்றால் வண்டியே இன்னும் கிளம்பவில்லை, தலைக்குக் குளிக்கலாம். 'ரெண்டு கிலோமீட்டர்தான்' என்றால் ஒரு தூக்கம் போடலாம். பக்கத்தில் வந்துவிட்டதாகச் சொல்லச் சொல்ல அவர் தூரத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். புத்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் வரைக்கும் சனங்கள் இந்தக் கணக்கில்தான் குழம்பு தாளித்தார்கள், பிள்ளைகளுக்கு ஜடை பின்னினார்கள். எல்லாம் சரியாகவே நடந்தது.

அப்போதுதான் எங்கள் டிராவல்ஸ் ஆபீசுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து புது மேனேஜர் வந்தார். மரியாதையான மனிதர். திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். வந்த முதல் வாரமே அண்ணனைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"வந்துகினே கீறேன், வந்துகினே கீறேன்னு... இதென்னுங்க பேச்சு? காதுல மண்ண அள்ளிப் போட்ட மாதிரி இருக்குது."

"எங்க ஊரு பேச்சு சார் அது."

"பேச்சு எப்படியோ இருக்கட்டுங்க. வந்தாத்தான வந்துட்டு இருக்கறேன்னு சொல்லோணும்? இனி எங்க இருக்கறீங்களோ அதைச் சொல்லுங்க. போன்ல லைவ் லொகேஷன் போட்டு வுடுங்க. இன்னொருக்கா அந்த வார்த்தை என் காதுல விழுந்துச்சுன்னா சாவியக் குடுத்துட்டு வூட்டுக்குப் போயிருங்க."

அண்ணனுக்கு வேறு வேலை தெரியாது. வேனும் ஆபீசுடையது. இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து, வண்டியில் சாய்ந்து, "நாக்க அறுத்துட்டு வேலை குடுக்கிறாங்கடா" என்றார்.

ஆனால் மனிதர் மாறினார். உண்மையாகப் பேச ஆரம்பித்தார். பேசினார் என்றால், ஒன்று விடாமல் பேசினார். "சார், இப்ப பல்லு வெளக்கிகினு கீறேன். சார், இப்ப வாய் கொப்பளிச்சிட்டேன். சார், சட்டைல ஒரு பட்டன் இல்ல, ஊசி தேடிகினு கீறேன்." மேனேஜரே ஒரு கட்டத்தில் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். நான் சத்தம் போடுகிற வேலை போய் வெறுமனே கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிலைமையில்தான் கார்வேட்டிநகரம் கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பா முனிரத்தினம், மாந்தோப்புக்காரர், அண்ணனுக்குப் பழக்கம். மாப்பிள்ளை திருப்பதி. மாப்பிள்ளை வீட்டாரை முந்தின நாள் சாயங்காலம் அழைப்புக்கு மண்டபத்தில் கொண்டுவந்து இறக்குவது எங்கள் வேலை. வேனில் எல்லாரும் நல்லவர்கள், மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவரைத் தவிர. நிச்சயதார்த்தத்தில் தன்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்று இலையை விட்டு எழுந்து, சம்பந்தமே வேண்டாம் என்று பையைத் தூக்கியவர். காலைப் பிடித்துத்தான் நிறுத்தினார்களாம்.

ஊரை நெருங்கும்போது முனிரத்தினம் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"டேய் வந்துகினே, எங்க கீற?"

"மாமா, ரெண்டு கிலோமீட்டர்தான்."

"சரி சரி, மெதுவா வா."

"நெசமாத்தான் மாமா. தோ, மண்டபம் கண்ணுக்குத் தெரியப் போவுது."

"நீ என்னைக்குடா பொய் சொன்ன?" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வளைவு திரும்பியதும் மண்டபம். வாசலில் சீரியல் செட் கட்டுகிற ஒருவரைத் தவிர ஆள் இல்லை. மேளக்காரர்கள் எதிர்க்கடையில் போண்டா தின்றுகொண்டிருந்தார்கள். தவுல் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. உள்ளே முனிரத்தினம் பனியனும் தலையில் துண்டுமாக யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ஆரத்தித் தட்டு இல்லை, பன்னீர் இல்லை, வாங்க என்று சொல்ல ஒரு வாய் இல்லை. தாய்மாமன் இங்கே இறங்கினால் கல்யாணம் இங்கேயே முடிந்தது.

அண்ணன் பிரேக்கில் வைத்த காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தார். வேன் மண்டபத்தைத் தாண்டிப் பறந்தது.

"யோவ், மண்டபம் அங்க கீது," என்றார் தாய்மாமன்.

"அது வேற மண்டபம்ணா."

"போர்டுல எங்க புள்ள பேரு போட்டு கீதே."

"அதே பேர்ல இன்னொரு கல்யாணம்ணா. முகூர்த்த நாளு பாருங்க, நெறைய நடக்குது."

"பொண்ணு பேரும் அதேவா?"

"அதான்ணா ஆச்சரியம்," என்றார் அண்ணன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்போது முனிரத்தினத்துக்குச் சரியான நேரத்தைச் சொல்லியாக வேண்டும். தாய்மாமன் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். விளக்கிச் சொல்ல முடியாது. அந்த ஊர் புரிந்துகொள்கிற நேரம் ஒன்றுதான் இருந்தது. அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்தார். போனைக் காதில் வைத்து, "மாமா, தோ, வந்துகினே கீறேன்" என்றார்.

மறுமுனையில் முனிரத்தினம், "ஆங், இப்ப சரி" என்றது எனக்கே கேட்டது.

பிறகு ஒரு மணி நேரத்தை ஓட்டினோம். குளத்தைச் சுற்றினோம். இளநீர் வாங்கிக் கொடுத்தோம். குளத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றினோம். அப்போது மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏனுங்க, புள்ளி ஒரே எடத்துல வட்டமா சுத்துது. குளத்துக்குள்ள எறங்கிட்டீங்களா? எங்கீங்க இருக்கறீங்க?"

தாய்மாமன் இளநீர் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். அண்ணன் கண்ணை மூடித் திறந்தார்.

"தோ, வந்துகினே கீறேன் சார்."

மேனேஜர் போனை வைத்துவிட்டார். "போச்சுடா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மண்டபத்தில் இறங்கினோம் பாருங்கள், மேளம் காதைக் கிழித்தது. முனிரத்தினம் பட்டு வேட்டியில் ஓடிவந்து முதலில் தாய்மாமனுக்கு மாலை போட்டார். தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டு, "மரியாதைன்னா இதுதான். அந்த இன்னொரு மண்டபத்தைப் பார்த்தேன், நாதி இல்லாம கெடந்துச்சு" என்றார்.

மறுநாள் ஆபீசில் அண்ணன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். பட்டன் கதை சொன்ன அதே உண்மையோடு சொன்னார். சாவியையும் மேசைமேல் வைத்தார். அப்போது மேசை போன் அடித்தது. சித்தூர் பார்ட்டி. வேன் எங்கே என்று அந்தக் குரல் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. வேன் ஆபீஸ் வாசலில், எங்கள் கண் எதிரில், நிழலில் நின்றிருந்தது.

மேனேஜர் வேனைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இதோ, வந்துட்டே இருக்கறாருங்க."

பழக்க தோஷம். நான் "பாம், பாம்" என்று கத்திவிட்டேன். மேனேஜர் சாவியை அண்ணன் பக்கம் தள்ளினார்.

கிளீனர் வேலையிலும் நான் நிலைக்கவில்லை; இப்போது நாயுடுபேட்டையில் ஒரு குடோனில் மூட்டை தூக்குகிறேன். அடுத்த ஊர் எது என்று இன்னும் முடிவாகவில்லை. இன்று காலை அண்ணன் போன் செய்தார், இந்தப் பக்கம் சவாரியாம், என்னைப் பார்த்துவிட்டுப் போகிறாராம். "முக்கு திரும்பிட்டேன்டா" என்றார். கணக்குப்படி வண்டியே இன்னும் கிளம்பியிருக்காது. அரிசிகூடக் களையவில்லை நான். ஆனாலும் இதற்குள் இரண்டு தடவை ரோட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.