குடும்பத்தில் எத்தனை பேர்?

'உங்கள் குடும்பத்தில் இருவர்' என்றது கணினித் திரை.

வெண்டெல் க்ரூகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இருவரேதான். மேலே, ஹாரியட் பாய்ல், வயது 64. கீழே, வெண்டெல் க்ரூகர், வயது 58.

"யாரும்மா நீ?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

பக்கத்து அறையில் தரைப்பலகை ஒன்று கிரீச்சிட்டது. பழைய வீடு. எதற்கெடுத்தாலும் கிரீச்சிடும்.

டிசம்பர் பதினைந்து. ஜனவரி முதல் தேதியிலிருந்து மருத்துவக் காப்பீடு வேண்டுமென்றால் இன்றைக்குள் அரசாங்கத்தின் காப்பீட்டுச் சந்தையில் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். டேட்டன் நகர நாற்காலித் தொழிற்சாலை மார்ச் மாதம் அவரை வீட்டுக்கு அனுப்பியபோது காப்பீட்டையும் பிடுங்கிக்கொண்டது. இப்போது சொந்தமாக வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறார். இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட் இருக்கிறது. அது அடைக்காமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை. டப்பாவில் மிச்சம் பதினாறு.

காலையில் விவரங்களைக் கொடுத்ததுமே, 'உங்கள் விண்ணப்பம் ஏற்கெனவே தொடங்கப்பட்டுள்ளது' என்று திரை சொல்லியிருந்தது. போன வாரம் நாமே தொடங்கிவிட்டு மறந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார்.

ஹாரியட்டின் பெயர்மேல் 'நீக்கு' என்று அழுத்தினார்.

'ஹாரியட் பாய்ல் வேறு முகவரியில் வசிப்பதற்கான சான்றை இணைக்கவும்.'

முட்டையாவது பொரித்துத் தின்று தெம்பாக யோசிக்கலாம் என்று அடுப்பங்கரைக்குப் போனால் உப்பு டப்பாவைக் காணோம். இந்த மாதத்தில் நாலாவது தடவை. போன தடவை துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் கிடைத்தது. கிழமைக்கொரு குழியுள்ள மாத்திரைப் பெட்டியில் இன்றைய குழி மட்டும் திறந்து காலியாகக் கிடந்தது. காசை மிச்சம் பிடிக்க நேற்று 62 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறைத்து வைத்த ஹீட்டர் 68-ல் நின்றது.

"வயசாகுதுடா வெண்டெல்" என்று சொல்லிக்கொண்டு, கோட்டை மாட்டி, மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நூலகத்துக்கு நடந்தார்.

காப்பீடு எடுக்க இலவசமாக உதவி செய்யும் ஒடெஸ்ஸா, அங்கே ஒரு மூலை மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணே. மலிவான வெண்கலத் திட்டமா, அதுக்கு மேல வெள்ளித் திட்டமா?"

"முதல்ல ஆளை எண்ணி முடிப்போம்மா. வீட்ல நான் ஒண்டிக்கட்டை. இது ரெண்டுங்குது."

ஒடெஸ்ஸா திரையைப் பார்த்தாள். "பழைய பெண்டாட்டியா?"

"அவ ஃப்ளோரிடாவுல சந்தோஷமா இருக்கா. இது யாருன்னே தெரியல."

"அண்ணே, இங்க குடும்பம்னா வீட்ல யாரு தூங்கறாங்கன்னு கணக்கில்ல. வருமான வரிப் படிவத்துல யாரு யாரைத் தன் பராமரிப்புல காட்டறாங்களோ, அதுதான் குடும்பம். வீட்ல பேயே இருந்தாலும் படிவத்துல இல்லேன்னா கணக்குல வராது. நீங்க யாரையாவது காட்டினீங்களா?"

"என்னைக் காட்டவே எனக்குக் கூச்சமா இருக்கு."

"அப்ப பேரு எங்கேர்ந்து வந்துச்சு? ஹாரியட் பாய்ல்... உங்க வீட்டுத் தபால் பெட்டியில என்ன பேரு எழுதியிருக்கு?"

ஹாரியட் பாய்ல் என்றேதான். ஏப்ரலில் அந்த வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கியபோதே அந்தப் பெயர் தபால் பெட்டியில் இருந்தது. அழிக்கச் சோம்பல். தரகர் சொன்னதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது: 'அந்தம்மா போய் ஆறு வருஷமாச்சு சார். வீட்டை விட்டுக் கிளம்பத்தான் அவங்களுக்கு மனசே வரல.'

"அவங்க செத்துட்டாங்கம்மா."

"வயசு அறுபத்தினாலுன்னு போட்டிருக்கே?"

"அதுலயே நின்னுட்டாங்க போல."

"அறுபத்தஞ்சு ஆகியிருந்தா முதியோர் காப்பீட்டுக்குப் போயிருப்பாங்க. நமக்கும் தொல்லை விட்டிருக்கும்" என்று அலுத்துக்கொண்டாள் ஒடெஸ்ஸா. "சரி, வேற முகவரிக்குச் சான்றுதானே கேக்குது? கல்லறையைப் படம் பிடிச்சுப் போடுங்க."

கல்லறைத் தோட்டம் நாலு தெரு தள்ளி இருந்தது. பனியில் கால் புதையப் புதைய அரைமணி நேரம் தேடி, ஹாரியட் பாய்லின் கல்லைக் கண்டுபிடித்து, கைபேசியில் படம் எடுத்து, அங்கேயே நின்று அனுப்பினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதில் வந்துவிட்டது.

'சான்று ஏற்கப்படவில்லை. படத்திலுள்ள முகவரியில் ஹாரியட் பாய்ல் வசிக்கவில்லை.'

காற்று அடங்கியிருந்தது. ஒரு காக்கை கூட இல்லை. வெண்டெல் நூலகத்துக்கு நடக்கவில்லை, ஓடினார்.

"அப்ப புதுசா ஒரு கணக்கு தொடங்கிடுவோம்" என்றாள் ஒடெஸ்ஸா, மூச்சு வாங்க வந்து நின்றவரிடம். தொடங்கினார்கள். ஒரே வீட்டில் இரண்டு விண்ணப்பமா என்று கேட்டு, திரை இரண்டையும் முடக்கிப் போட்டது.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாதுண்ணே. வீட்டுக்குப் போய் உதவி எண்ணைக் கூப்பிடுங்க. மணி மூணாச்சு."

வீட்டில் அடுப்பங்கரை மேசைமேல் கைபேசியை வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, வெண்டெல் காத்திருந்தார். ஒரு மணி நேரம் ஒரே பியானோ மெட்டு. இரண்டாவது மணி நேரத்தில், மாடியில் யாரோ அந்த மெட்டை முணுமுணுப்பது போலிருந்தது. தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"வணக்கம் சார், ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டோம்" என்றது ஒரு பெண் குரல்.

வெண்டெல் மூச்சு விடாமல் கதை முழுவதையும் கொட்டினார். "தயவு செஞ்சு அந்த ஹாரியட்டை எடுத்துடும்மா. பதினாறு மாத்திரைதான் இருக்கு. காப்பீடு இல்லாம அடுத்த டப்பா வாங்க எனக்கு வக்கில்ல."

"பதறாதீங்க சார். விண்ணப்பத்தைத் திறக்கறேன். அதுக்குள்ள அந்தக் கெட்டிலை இறக்கிடுங்க, விசில் காதைத் துளைக்குது."

வெண்டெல் திரும்பினார். அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதை வைக்கவில்லை. பக்கத்தில் கோப்பை ஒன்று. அதற்குள் தேயிலைப் பை. அதன் தட்டில் இன்றைய மாத்திரை.

காலையில் மாத்திரை போட மறந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சார், இருக்கீங்களா?"

"இ... இருக்கேன்."

"கவலையே வேண்டாம். வெள்ளித் திட்டம், முழு மானியம், முதல் மாசப் பிரீமியமும் கட்டியாச்சு. ஜனவரி ஒண்ணுலேர்ந்து உங்க மாத்திரைக்குச் செலவே இல்ல."

"நான் எதுவும் கட்டலையேம்மா! அந்த ஹாரியட்டை நீக்கினியா இல்லையா?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது.

"அவங்களை நீங்க எப்படி சார் நீக்க முடியும்? விண்ணப்பமே அவங்களோடது, உங்களைத்தான் அவங்க பராமரிப்புல இருக்கற ஆள்னு காட்டியிருக்காங்க. கீழ, 'தனியா விட்டா உப்பைக் கொட்டித் தின்னே செத்துடுவான்'னு ஒரு குறிப்பு வேற எழுதியிருக்காங்களே!"