நகுலேஸ்வரன் போகாத கப்பல்

மிளகாய்த்தூள் பொதி உள்ளே போனால் கம்பளிச் சட்டை வெளியே வரவேண்டியிருந்தது. கம்பளிச் சட்டையைத் திணித்தால் பனங்கிழங்கு ஒடியல் மா வெளியே எட்டிப் பார்த்தது. நகுலேஸ்வரன் வேறு வழியில்லாமல் பெட்டியின் மேல் ஏறிக் குந்தினார். பெட்டி முனகியதே தவிர மூடவில்லை.

"இறங்குங்கோ. சில்லு கழண்டுபோம்," என்றாள் மனைவி ஞானம்பிகை. தான் வேலை செய்யும் வீட்டு எசமானி, சின்யோரா, இரவல் கொடுத்த தடித்த குளிர்க்கோட்டைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தாலியின் பலெர்மோ நகரத்து ஜூலை வெக்கையில் அவள் நாடியிலிருந்து வியர்வை சொட்டியது.

"இது லூர்துவின்ர பொதி. இதை விட்டிட்டுப் போனால் அவன் என்னைச் சும்மா விடமாட்டான்."

"அப்ப உங்கட உடுப்பு?"

"போட்டிருக்கிறதோட போறன்."

"ஒரு கிழமைக்கோ?"

பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் கிடந்தது. பெட்டி இப்போதே நிரம்பிவிட்டது. அதில் அவர்களுடையது என்று சொல்ல நாலு காலுறைதான் இருந்தது.

நகுலேஸ்வரன் பலெர்மோவின் பொலிதேயாமாப் பகுதியில் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்பவர். அது வயிற்றுப் பிழைப்பு. தமிழ் மன்றத்தின் தலைவர் என்பதுதான் அவருடைய மெய்யான உத்தியோகம். அவர் தலைவரான பிறகு அந்தப் பதவிக்கு வேறு எவரும் போட்டிக்கு வரவில்லை. அதைச் சனம் தன்மேல் வைத்த நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

நம்பிக்கை வைத்த சனத்தை வேலை வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. பொங்கலுக்குப் பானை யார், சரஸ்வதி பூசைக்குச் சுண்டல் யார், கதிரைகளை வான் வண்டியில் ஏற்றி இறக்குவது யார் என்று எல்லாவற்றையும் அவரே தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவரும் தாமாக முன்வருவதில்லை. ஒவ்வொருவரையும் பல தரம் போனில் பிடிக்க வேண்டும், பிடிபடாவிட்டால் வீட்டுக்கே போய் நிற்க வேண்டும். வியா மக்வேதாத் தெருவில் அவர் எதிரே வந்தால் பாதிப்பேர் போனைக் காதில் வைத்தபடி அருகிலுள்ள கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். பாவம், ஓய்வில்லாத சனம் என்று இவர் மனதுக்குள் இரங்குவார்.

இப்படி ஊருக்கு உழைத்து உழைத்து அவர் களைத்துப்போனார். பொய்க் களைப்பு அல்ல, எலும்பு வரைக்கும் இறங்கிய களைப்பு. ஒரு கிழமை, வெறும் ஏழே நாள், மன்றத்துச் சனத்தின் முகத்தில் விழிக்காமல் எங்காவது இருந்துவிட்டு வந்தால் போதும் என்றிருந்தது.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் அலுவலகத்தைப் பூட்டுவார்கள். சின்யோராமார் மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். வீட்டு வேலை செய்யும் எங்கள் ஆட்களுக்கெல்லாம் அதுதான் விடுமுறை. ஆனால் எங்கே போவது? பாரிசில் ஞானம்பிகையின் தங்கை, லண்டனில் இவருடைய மைத்துனர், சுவிசில் ஒன்றுவிட்ட அண்ணன். எங்கே போனாலும் ஒரு தமிழ்ச் சோபாவில்தான் படுக்க வேண்டும்.

சின்யோராதான் வழி காட்டினாள். நோர்வேயில் மலைகளுக்கு இடையே கடல் புகுந்து கிடக்கும் பியோர்ட் என்ற இடங்களுக்கு அவள் கப்பலில் போய் வந்தவள். அங்கே மலையும் தண்ணீரும்தான், வேறொன்றும் இல்லை என்றாள். அந்த 'வேறொன்றும் இல்லை' நகுலேஸ்வரனுக்குப் பிடித்துப்போயிற்று.

பயணச்சீட்டு விற்பவன் ஸ்ரீபன். வியா மக்வேதாவுக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் அவனுடைய கடை. மேசை நிறையக் கப்பல் படங்களைப் பரப்பி வைத்தான்.

"இதில நீச்சல் தடாகம் இருக்கு. இதில ராவில டான்ஸ். பல்கனி அறை வேணுமோ, உள்ளறை காணுமோ?"

"சனம் குறைஞ்ச கப்பல் எது?"

"கப்பலெண்டால் சனம்தானே அண்ணை."

"எங்கட சனத்தைக் கேக்கிறன்."

ஸ்ரீபன் சிரித்தான். "இதுகளில எங்கட ஆக்கள் ஒருத்தரும் போறேல்லை."

"அப்ப போடு. பல்கனி அறை. ஆரிட்டையும் மூச்சு விட்டிடாதை."

ஸ்ரீபன் எல்லாரிடமும் சொல்லித் திரியவில்லை. அடுத்து வந்த வாடிக்கையாளரிடம் மட்டும் சொன்னான். அது லூர்து.

அன்று பின்னேரமே லூர்து வந்துவிட்டான். மன்றத்தின் கதிரை வானை ஓட்டுகிறவன் அவன்தான். கையில் ஒரு பொதி.

"அண்ணை, என்ர தங்கச்சி நோர்வேயில, பேர்கன் துறைமுகத்தில இருக்கிறாள். கொஞ்சம் மிளகாய்த்தூள்தான்."

பயணம் போகிறவனின் கையில் பொதி கொடுக்காமல் வழியனுப்ப எங்கள் சனத்துக்குத் தெரியாது. லூர்து தூளைக் கொடுத்தது தெரிந்ததும் மற்றவர்கள் ஒடியல் மாவோடும் வடகத்தோடும் வந்தார்கள். பலெர்மோவில் இருக்கும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் நோர்வேயில் ஒரு கிளை இருப்பது நகுலேஸ்வரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"லூர்து, கப்பல் பேர்கனில கனநேரம் நில்லாது. நான் இறங்கமாட்டன்," என்று சொல்லிப் பார்த்தார்.

"நீங்கள் ஏன் அலைவான்? தங்கச்சி காரோட வந்து நிப்பாள்."

தங்கச்சியே பேர்கனிலிருந்து போன் எடுத்தாள். காலையில் தன் வீட்டில் புட்டு, மத்தியானம் மாமியார் வீட்டில் ஆட்டிறைச்சி, பின்னேரம் பேர்கன் தமிழ்ச் சனம் மண்டபத்தில் கூடும், பலெர்மோ மன்றத் தலைவர் ஒரு சின்னப் பேச்சுப் பேச வேண்டும் என்று ஒழுங்கு செய்து முடித்திருந்தாள். பேச்சு என்றதும் நகுலேஸ்வரனுக்கு ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு மறுபடி களைத்தது.

"பேச்செண்டால் நீங்கள் தனியப் போங்கோ," என்றாள் ஞானம்பிகை. "இருவது வருசமா உங்கட பேச்சுக்கு முன்வரிசையில இருந்திட்டன். எனக்கு அந்தப் பல்கனியில வாய் பேசாமல் இருக்கவேணும்."

அவள் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. அது அவரைக் கொஞ்சம் சுட்டது. மறுநாளே ஸ்ரீபனிடம் ஓடினார்.

"பேர்கனுக்குப் போகாத கப்பலா மாத்து. இன்னும் வடக்கே போறது ஏதும் இருந்தால் பார்."

ஸ்ரீபன் மாற்றிக் கொடுத்தான். கொடுத்த பிறகு தலையைச் சொறிந்தான். "அண்ணை, ஒண்டு சொல்ல மறந்திட்டன். அந்த நாளில எங்கட சனம் மீன் ஃபக்டரி வேலைக்கெண்டு முதல்முதல் போய் இறங்கினதே அந்த வடக்குப் பக்கம்தான்."

அன்று இரவு லூர்துவின் மனைவி செல்வமலர் இரண்டு போத்தல் மாங்காய் ஊறுகாயோடு வந்து நின்றாள். அவளுடைய சித்தப்பா அங்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பல வருடங்களாக இருக்கிறார். ஊறுகாய் என்றால் உயிராம். கப்பல் அந்தத் துறைமுகத்தில் நிற்கும் என்பதையும் அவளே சொன்னாள். பேர்கன் பொதிகளைச் சித்தப்பா தபாலில் அனுப்புவார் என்பதால் அவையும் போக வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்கு இரண்டாவது பெட்டி வாங்கினார்கள். அதுவும் மூடமாட்டேன் என்றது.

சாண் ஏற முழம் சறுக்கியது. பெட்டிமேல் குந்தியிருந்த அந்தப் பகலில்தான் நகுலேஸ்வரன் முடிவெடுத்தார்.

"ஞானம், நாங்கள் போகேல்லை."

அவள் கோட்டின் பொத்தானில் கையை வைத்தபடி நின்றாள். முகம் விழுந்துவிட்டது. "எனக்குத் தெரியும். கடைசியில இப்பிடித்தான் முடியுமெண்டு தெரியும்."

"போவம். போகேல்லை எண்டு சனத்துக்குச் சொல்லுவம். எனக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு நிமிராது. டொக்டர் வேண்டாமெண்டிட்டார்."

ஸ்ரீபனின் கடைச் சுவரில் தொங்கும், பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் படத்தின் மேல் அவனைக் கையடித்துச் சத்தியம் செய்ய வைத்தார். நகுலேஸ்வரன் பயணத்தை நிறுத்திவிட்டார் என்றே எவருக்கும் சொல்ல வேண்டும். ஒரு தரம் வாய் தவறிய ஸ்ரீபன் இந்தத் தரம் அரிச்சந்திரனாக இருப்பதென்று தீர்மானித்து, கடைக்கு வந்து கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னான்.

செய்தி பரவியதும் லூர்துதான் முதலில் ஓடி வந்தான்.

"நிச்சயமாப் போகேல்லையோ அண்ணை?"

"எப்பிடியடா போறது? நிமிர ஏலாமல் கிடக்கிறன்."

"ஆகஸ்ட் முழுக்க இஞ்சைதானோ?"

"வேற எங்கை?"

லூர்து நெடுமூச்சு விட்டான். பிறகு மிளகாய்த்தூளைத் திருப்பிக் கேட்டான். வேறு ஆட்கள் அந்தப் பக்கம் போகிறார்களாம். அடுத்தடுத்து எல்லாரும் வந்து நலம் விசாரித்து, நிச்சயமாகப் போகவில்லையா என்று திருப்பித் திருப்பிக் கேட்டு, பொதிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நோயாளிக்குப் பாரம் கொடுக்கக்கூடாதென்ற பண்பு எங்கள் சனத்திடம் இன்னும் இருக்கிறது என்று நகுலேஸ்வரன் மனம் நெகிழ்ந்தார்.

ஆனால் சொன்ன பொய்க்குச் சேவகம் செய்ய வேண்டியிருந்தது. வேலைக்குக் கூனிக்கொண்டு போனார். கட்டடக் காவலாளி பார்த்துப் பரிதாபப்பட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டான். வீட்டில் கட்டிலில் கிடந்தவருக்குக் கையெட்டும் தூரத்தில் போன் இருந்தது. காலை முதல் மாலை வரை மன்றத்துச் சனத்தை ஒவ்வொருவராக அழைத்தார். நவராத்திரிக்கு இப்போதே ஆயத்தம் செய்ய வேண்டும், பிள்ளைகளின் நாடகத்துக்கு ராசா உடுப்புத் தைக்க வேண்டும், கணக்கறிக்கையை வாசிக்கிறேன் கேளுங்கள் என்று மணிக்கணக்காகக் கதைத்தார்.

"படுத்த படுக்கையிலயும் சனத்தை விடேல்லை நீங்கள்," என்றாள் ஞானம்பிகை.

"என்ன செய்யிறது? என்னை விட்டால் ஆர் இருக்கினம்?"

பொய் இன்னும் உறுதியாக நிற்கட்டும் என்று அவருக்கு ஒரு யோசனையும் உதித்தது. ஆகஸ்ட் விடுமுறைக் கிழமையில் தன் வீட்டில் மன்றத்தின் விசேட பொதுக்கூட்டம், காலை தொடங்கி இரவு வரை, எல்லாக் குடும்பமும் கட்டாயம் வர வேண்டும் என்று அறிவித்தார். கூட்டம் வைக்கிறவன் ஊரில்தான் இருப்பான் என்று எவரும் நம்புவார்கள் அல்லவா. கடைசி நேரத்தில் நாரியைச் சாட்டி நிறுத்திவிடலாம்.

நிறுத்தவே தேவைப்படவில்லை. ஒருத்திக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. ஒருவருடைய சின்யோரா அவரை மொண்டெல்லோவுக்கு வரச் சொல்லிவிட்டாளாம். லூர்துவின் வான் அந்தக் கிழமை முழுவதும் கராஜில் இருக்கும். எல்லாரும் வரமுடியாது என்று மன்னிப்புக் கேட்டார்கள். நகுலேஸ்வரனுக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் மனவருத்தமும் இருந்தது, அதை அவர் வெளிக்காட்டவில்லை.

பலெர்மோ விமான நிலையத்தில் முகம் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று பக்கத்து ஊரான திராப்பானியின் விமான நிலையத்துக்குப் பஸ் ஏறினார்கள். புறப்படுமுன் ஞானம்பிகை கையை நீட்டினாள்.

"போன்."

"அவசரத்துக்கு ஒண்டு..."

"போனோட நீங்கள் போங்கோ. நான் இஞ்சை நிக்கிறன்."

அவர் அதைத் துறப்பதற்குச் சிறிது நேரம் எடுத்தது. பிறகு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்தார்.

கோப்பன்ஹேகனில் கப்பல் ஏறியதும் ஞானம்பிகைக்குத் தலை சுற்றியது. கப்பல் பியோர்ட்டுக்குள் நுழையும் வரை இருவரும் அறையை விட்டு அசையவில்லை. நுழைந்த காலை மேல்தளத்துக்கு வந்தார்கள். இரண்டு பக்கமும் வானத்தை மறைத்து மலைகள். அவற்றின் முகட்டிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கீழே கடல் அசையாமல் கிடந்தது. ஞானம்பிகை சின்யோராவின் கோட்டுக்குள் கைகளை நுழைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள். அவளை இவ்வளவு இளமையாகப் பார்த்து எத்தனை காலம் என்று நகுலேஸ்வரன் யோசித்தார். அவருக்கும் பேசத் தோன்றவில்லை. மனம் நிறைந்திருந்தது. இந்த ஒரு கணத்துக்காக எத்தனை பொய்யும் சொல்லலாம் என்று நினைத்தார்.

"இந்த மீனுக்கு உப்புமில்லை உறைப்புமில்லை. அந்த ஊறுகாய்ப் போத்தலை உடைப்பமே?"

யாழ்ப்பாணத் தமிழ். நகுலேஸ்வரன் திரும்பினார். நீளமான மேசையைச் சுற்றி, தட்டுகளோடு, பல் பிடுங்கவேண்டியவள், மொண்டெல்லோவுக்குப் போனவர், கராஜில் வானை விட்ட லூர்து, செல்வமலர், பிள்ளைகுட்டிகள், ஏறக்குறைய முழு மன்றமும் இருந்தது. அவரைக் கண்டதும் எல்லாருடைய வாயும் மெல்லுவதை நிறுத்தியது. அவருக்கு முதலில் நினைவு வந்தது நாரி. சட்டென்று கூனிக்கொண்டார்.

"பாத்தியே ஞானம்," என்றார் பெருமூச்சோடு. "ஒரு கிழமை என்னை விட்டிட்டு இருக்க ஏலாமல் தேடிக்கொண்டு வந்திட்டுதுகள்."

ஞானம்பிகை மலையைப் பார்த்தபடியே நின்றாள். நகுலேஸ்வரன் கூனியபடி மேசைக்குப் போனார்.

"லூர்து, இது நியாயமோ? ஒரு மனுசன் கொஞ்சம் நிம்மதியா இருக்கக்கூடாதோ? கப்பல்வரைக்கும் துரத்திக்கொண்டு வரவேணுமோ?"

லூர்து கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த செல்வமலர் நிமிர்ந்தாள். அவள் முகம் இவருடையதைவிடக் களைத்துப்போயிருந்தது.

"அண்ணை, நீங்கள் பலெர்மோவில நிக்கிறியள் எண்டு நம்பித்தான் நாங்கள் எல்லாரும் இந்தக் கப்பலில ஏறினனாங்கள்."