குதிரை வண்டிக்குப் பின்னால் காத்தர்

ஒரு குதிரையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், இத்தாலியில் பலெர்மோ நகரத்தின் அத்தனை வண்டிக் குதிரைகளையும் அடையாளம் சொல்லக்கூடிய ஒரே மனிதர் காத்தர்தான்.

கபோ சந்தைக்கு மேலே, நாலாம் மாடியில் என் அறைக்குப் பக்கத்து அறை. ஈழத்து வன்னிக்காரர். ஜூஸ் கடையில் எலுமிச்சை பிழியும் வேலை. மொட்டைமாடியில் சைக்கிள் டைனமோவையும் பழைய வாளியை வெட்டிச் செய்த இறக்கைகளையும் வைத்து ஒரு காற்றாடி கட்டியிருந்தார். பெயர் அதனால் வந்தது. காற்று அடித்தால் ஒரு பல்பு எரியும். அடிக்காவிட்டால் கீழ்வீட்டு இத்தாலிய அம்மா சின்யோராவின் துணி அதில் காயும்.

நானோ, வளரும் நாடுகளில் காற்றும் கழிவும் தரக்கூடிய மின்சாரம் பற்றி ஆய்வேடு எழுத வந்த மதுரைப் பெருமூளை. ஒருநாள் அதை அவருக்கு விளக்கித் தொலைத்தேன்.

"எல்லாம் சரி தம்பி. உதுக்குள்ளை மாடு எங்கை?"

நாற்பது வரைபடம் இருந்தது. மாடு இல்லை.

அவருக்கு மாடுதான் உயிர். ஊருக்குத் திரும்பி, தங்கை வீட்டைக் காற்றாடி, மாட்டுச் சாணம் இரண்டையும் வைத்தே நடத்துவது அவர் திட்டம். "சோளகக் காத்து அடிச்சால் காத்தாடி, காத்து விழுந்தால் சாணவாயு. ஒண்டு படுத்தால் மற்றது எழும்பும்." தங்கையோ மாட்டை விற்கத் தயாராக நின்றாள். வீடியோவிலேயே கெடு வைத்துவிட்டாள்: "ஒரு மாசம் தாறன் அண்ணை. அங்கை சாணவாயுவிலை உங்கடை அடுப்பு எரிஞ்சால் மாடு நிக்கும். இல்லாட்டி யாவாரியோடை போகும்."

பலெர்மோவில் சாணத்துக்கு எங்கே போவது? "அண்ணே, எந்தக் கழிவும் ஆகும், போடுங்க!" என்றேன், படித்த திமிரில். கடையின் எலுமிச்சைத் தோலையெல்லாம் கொண்டுவந்து நீல டிரம்மில் அடைத்தார். இரண்டு வாரத்தில் வாயு வரவில்லை. நாற்றம் வந்தது. பின்னாலேயே சின்யோரா வந்தார். இவ்வளவு புளிப்பில் நுண்ணுயிர் செத்துவிடும் என்பது என் ஆய்வேட்டிலேயே இருந்தது.

"நீ எழுதினதை நீயே வாசிக்கிறேல்லையோடா?"

டிரம்மைக் கழுவிக் கவிழ்த்தார். மறுநாள் வியா மக்வேதா தெருவில் சுற்றுலாக் குதிரைவண்டிகளுக்குப் பின்னால் நாங்கள் இருவரும், ஆளுக்கொரு வாளியோடு. பயணிகள் கோபுரத்தைப் பார்க்க, காத்தர் வாலைப் பார்த்தார்.

"தம்பி, நெட்டைவாலன் இண்டைக்குப் பிந்துறான். நீ கட்டைவாலனைப் பிடி!"

எதிரே என் வகுப்புத் தோழி வந்தாள். வாளியைப் பார்த்தாள். "தீசிஸ்" என்றேன்.

கெடுவின் கடைசி நாள். வீடியோவில் தங்கை, அவளுக்குப் பின்னால் மாடு. காத்தர் குதிரைச் சாணம் நிரப்பிய டிரம்மின் குழாயைத் திறந்து குச்சி கிழித்தார். ஒன்றுமில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. மூன்றாவதுக்கு 'புப்' என்று விரல்நகம் அளவு நீலச்சுடர். தேத்தண்ணி கொதிக்கவில்லை, ஏதோ சூடானது.

"எரியுதுதான் அண்ணை. ஆனால் அது குதிரையெல்லோ?"

"குதிரைக்கே இவ்வளவெண்டால், மாட்டுக்கு யோசிச்சுப் பாரடி விசரி!"

அவள் சிரித்துவிட்டாள். மாடு நின்றது. போன வருடம் காத்தரும் ஊர் திரும்பி அதனிடமே போய்விட்டார்.

மக்வேதாவில் இப்போதும் வண்டி போகும். எல்லோரும் குதிரையைப் பார்ப்பார்கள். நான் மட்டும் வண்டிக்குப் பின்னால் பார்ப்பேன்.